சோர்ந்த கால்களும் சைக்கிள் மிதிக்கலாம்

மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் பழுதாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோய் வந்தவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே பாசம் என்று இலங்கையின் வன்னியில் பல குடும்பங்கள் எண்ணுகின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் மருத்துவ உலகமே ஓய்வைத்தான் பரிந்துரைத்தது. இன்று நிலைமை வேறு. 2013-இல் கனடாவில் வெளியான வழிகாட்டுதல், இலேசாகவோ நடுத்தரமாகவோ பாதிக்கப்பட்டவர்கள் வாரத்தில் இரண்டு தடவை, 30 நிமிடம், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்கிறது.

கால் ஒத்துழைக்காதவர் என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் மின்தூண்டல் சைக்கிள் இருக்கிறது. இந்த நோயில் பழுது மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் இருக்கிறது. அங்கிருந்து தசைக்குப் போகும் நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தொடையின் முன்புறம், பின்புறம், பிட்டம் ஆகிய இடங்களில் பட்டைகளை ஒட்டி, பெடல் சுற்றும் கணக்குக்கு ஏற்ப ஒவ்வொரு தசைக்கும் மின்சாரம் கொடுக்கிறோம். அளவைக் கூட்டக் கூட்ட முதலில் சுருக்கென்று குத்தும். பிறகு தொடைத் தசை திரண்டு எழும், முழங்கால் நிமிரும். மாதக்கணக்கில் அசையாத தன் காலைக் கையால் தொட்டுப் பார்த்து அழுத அக்காமாரைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் கரண்ட் மிதிக்கட்டும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. முடிந்த அளவுக்குத் தானும் சேர்ந்து மிதிக்க வேண்டும். மின்சாரம் ஒரே தசை இழைகளைத் திரும்பத் திரும்ப இயக்குவதால் கால் விரைவில் களைத்துவிடும். ஆகவே சிறிது நேரம் மிதித்து, ஆறி, மறுபடி மிதிப்பதே நல்லது. இது நோயைக் குணமாக்காது. ஆய்வுகளும் இன்னும் சிறியவையே. ஆனாலும் கட்டிலில் கிடந்து தேய்ந்துபோகும் தசைக்கும் மூச்சுக்கும் வேலை கிடைக்கிறது.

எங்கள் ஊர் வெக்கையை மறக்க முடியாது. உடல் சூடேறும்போது பார்வை மங்கும், கால் இன்னும் தளரும். உடலை வருத்தியபின் பார்வை சிறிது நேரம் மங்குவதை ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இலேயே பதிவு செய்தார். நரம்பு புதிதாகக் கெட்டுவிட்டது என்று பயந்து பயிற்சியை நிறுத்துகிறவர்கள் பலர். அப்படியல்ல, உடல் குளிர்ந்தால் அது தணிந்துவிடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மத்தியானப் பயிற்சி வேண்டாம். விடிகாலையில், விசிறிக்கு முன்னால், கழுத்தில் ஈரத்துணியோடு செய்யுங்கள்.

இன்னொன்றை இங்கே கட்டாயம் கேட்கிறோம்: உடம்பில் போரில் பாய்ந்த செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா? பலர் கேட்டால்தான் சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்னரும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். துண்டு இருக்கும் இடத்தின் மேலோ புண்ணின் மேலோ பட்டை ஒட்டுவதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்காமல் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அன்போடு அனுப்பும் சிறிய மின்கருவிகள் பெரும்பாலும் வலி குறைப்பதற்கானவை. தசையை மிதிக்க வைக்கும் வேலையை அவை செய்யா. அந்தப் பணத்துக்கு, கதிரையில் இருந்தபடி மிதிக்கும் ஒரு சாதாரணப் பெடலை வாங்கலாம். காலால் முடியாதவர் அதை மேசையில் வைத்துக் கையால் சுற்றினாலும் மூச்சு வாங்கும், இதயம் வேலை செய்யும்.

பயிற்சிக்குப் பின் வந்த தளர்ச்சி, ஆறி அமர்ந்த பின்னும் குறையாமல் 24 மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது காய்ச்சலோ சிறுநீர்க் கடுப்போ சேர்ந்து வந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.