ஆமைக் குஞ்சு பொரிக்கும்போது அவசரப்படக் கூடாத இடங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக்காட்சி சாலையில் 2025 பிப்ரவரி கடைசியில், பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளைச் சேர்ந்த ராட்சத ஆமை இனத்தின் குஞ்சு ஒன்று முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்தடுத்து மேலும் மூன்று வந்தன. தாய் ஆமைக்கு வயது ஏறத்தாழ 97. அது அங்கே வந்து சேர்ந்ததே 1932-இல். நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய அந்த விலங்குக்காட்சி சாலையின் வரலாற்றில் இந்த இனம் குஞ்சு பொரித்தது அதுதான் முதல் முறை. ஒவ்வொரு குஞ்சும் 70, 80 கிராம்தான் இருந்தது.

97 வயதில் பிள்ளைப்பேறா என்று எல்லாரும் அதிசயப்பட்டார்கள். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கு அந்த வயதைவிட நடுவில் கடந்த மாதங்கள்தான் கண்ணில் பட்டன. நவம்பரில் இட்ட முட்டை பிப்ரவரி இறுதியில்தான் பொரித்தது. அந்த இடைவெளியில் பராமரிப்பாளர்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை, கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. நான் பார்த்தவரை முட்டைகளும் குஞ்சுகளும் நோயால் சாவதைவிட, நல்ல மனதுள்ளவர்களின் அவசரத்தால் சாவதுதான் அதிகம்.

முட்டையிலிருந்தே தொடங்கலாம். கோழி முட்டையை அடைகாக்கும்போது புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆமை முட்டையைப் புரட்டவே கூடாது. இட்ட சிறிது நேரத்திலேயே கரு மேலே மிதந்து வந்து ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் தலைகீழாகத் திருப்பினால் கரு செத்துவிடலாம். அதனால் மண்ணிலிருந்து எடுக்கும் முன்பே பென்சிலால் மேல்பக்கத்தில் ஒரு குறி போடுவோம். பேனா மை ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே போகலாம் என்பதால் பென்சில். இன்குபேட்டரில், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டை நனைத்து அதில் பாதி புதைத்து வைக்கும்போதும் அந்தக் குறி வானம் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

வெப்பநிலை இன்னொரு விஷயம். பல ஆமை இனங்களில் ஆணா பெண்ணா என்பதை அடைகாப்பின் நடுப்பகுதியில் இருக்கும் சூடுதான் முடிவு செய்கிறது. கலாபகோஸ் தீவுகளின் இனப்பெருக்க மையத்தில் ஆண் வேண்டுமென்றால் 28 டிகிரி, பெண் வேண்டுமென்றால் 29.5 டிகிரி என்று வைப்பார்கள். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம்! அழிவின் விளிம்பில் இருக்கும் இனத்துக்குப் பெண்கள் அதிகம் தேவைப்படும் என்பதால் இது விளையாட்டுக் காரியமில்லை. கலாபகோஸின் எஸ்பனோலா தீவு இனத்தில் ஒரு காலத்தில் எஞ்சியவை 15 மட்டுமே. 12 பெண்கள், 3 ஆண்கள். அந்த ஆண்களில் 'டியேகோ' என்ற ஒன்று அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சி சாலையிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டது. அந்தப் பதினைந்திலிருந்து இனம் பல்கிப் பெருகிய பிறகு, 2020-இல் அந்தப் பதினைந்தும் தங்கள் தீவுக்கே அனுப்பப்பட்டன.

மாதங்கள் ஆகியும் அசைவே இல்லை, கெட்டுப்போன முட்டை என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. மடகாஸ்கரின் கதிர் ஆமை போன்ற சில இனங்களில் கரு வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்கும். சில வாரம் குளிர்ச்சி, அப்புறம் மறுபடி சூடு என்று பருவம் மாறியதாக உணர்ந்தால்தான் விழிக்கும். நாறாமல், குழி விழாமல் இருக்கும் முட்டையை விட்டுவைப்பதே நல்லது.

இனி முக்கியமான கட்டம். குஞ்சின் அலகு நுனியில் கொம்புபோல் ஒரு சிறு முனை இருக்கும். அதைக் கொண்டுதான் ஓட்டைக் குத்தி உடைக்கிறது. பிறகு சில நாளில் அது தானே உதிர்ந்துவிடும். ஓட்டில் ஒரு துளை, அதற்குள் ஒரு மூக்கு. அப்படியே ஒரு நாள், இரண்டு நாள், சிலசமயம் அதற்கும் மேல் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குத்தான் தாங்காது. "மாட்டிக்கிச்சு போல, உடைச்சு எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள். மாட்டிக்கொள்ளவில்லை. உள்ளே மஞ்சள் கருப் பையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. நாம் உடைத்து வெளியே எடுத்தால் அந்தப் பை தொப்புளில் தொங்கும், எதிலாவது உரசிக் கிழியும், கிருமி ஏறும். அந்தக் குஞ்சைக் காப்பாற்றுவது கடினம்.

தானாக வெளியே வந்த குஞ்சைப் புரட்டிப் பார்த்தால் அடிவயிற்று ஓட்டின் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு தெரியும். முட்டைக்குள் இடம் போதாமல் உடல் இரண்டாக மடிந்து கிடந்ததன் தடம் அது. சில நாளில் நிமிர்ந்துவிடும். நடுவில் பயறு அளவுக்கு மஞ்சள் பை மிச்சமிருந்தால், ஈர டிஷ்யூ காகிதம் விரித்த தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மண்ணோ மணலோ வேண்டாம், காயத்தில் ஒட்டும். முதல் சில நாள் அது சாப்பிடாவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள் கருவே சோறு.

"அம்மாவிடம் ஏன் விடவில்லை?" என்று வருகையாளர்கள் தவறாமல் கேட்பார்கள். ஆமைகளுக்குப் பிள்ளை வளர்க்கும் பழக்கமே கிடையாது. முட்டையிட்டு மண்ணை மூடியதோடு அம்மாவின் கடமை தீர்ந்தது. அருகில் விட்டால் பல மடங்கு எடையுள்ள அந்த அம்மா தெரியாமல் மிதித்துவிடும்.

வளர்ப்பில்தான் அவசரம் பல வருடம் கழித்து முகம் காட்டும். வேகமாக வளரட்டும் என்று சத்து மிகுந்த தீனியை அளவில்லாமல் கொடுப்பார்கள். கூடவே சூட்டு விளக்கைப் போட்டு இடத்தைக் காய வைப்பார்கள். ஓட்டின் ஒவ்வொரு தகடும் கோபுரம்போல் கூம்பி எழும். அந்த வடிவம் பிற்பாடு மறையாது. ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் வாழும் ஸல்கேட்டா ஆமையின் குஞ்சுகளை வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடு கூம்புவதற்குப் புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணம் என்று தெரிந்தது. பாலைவனப் பிராணிதானே, காய்ந்த இடம் போதும் என்று நினைப்பது இதனால்தான் தப்பு. காட்டில் குஞ்சுகள் பகலின் பெரும்பகுதியை வளைகளிலும் புல் அடியிலும் ஈரத்தில் கழிக்கும்.

மறுபக்கம், கால்சியமும் புற ஊதா 'பி' கதிரும் கிடைக்காவிட்டால் ஓடு மெத்தென்று ஆகும், தாடை வளையும், நடை தளரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ரொட்டி, பால், நாய்த் தீனி, தினமும் வாழைப்பழம் இவையெல்லாம் வேண்டாம். புல்லும் களைச்செடியும் இலைகளுமே பெரும்பாலான தரை ஆமைகளுக்கு ஏற்ற தீனி. தாடைக்கும் கீழே நிற்கிற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி சற்று நேரம் விட்டால் தாகமும் தீரும், வெண்பசை போன்ற சிறுநீர்க் கழிவும் வெளியேறும். வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பது, நான் சொல்லும் எந்த மருந்தையும்விடப் பயனுள்ளது.

சரி, குட்டி அழகாக இருக்கிறதே, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளலாமா? என் பதில், வேண்டாம். ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் உடலிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதற்கு அமெரிக்கா 1975-இலேயே தடை போட்டது, குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துக்கொண்டு நோயில் விழுந்ததால்தான். வாங்குகிறவர்கள் இருப்பதால் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 மார்ச்சில் கலாபகோஸ் விமான நிலையத்தில் ஒரு சூட்கேஸில் 185 குஞ்சுகள் பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டுக் கிடந்தன. பத்து ஏற்கெனவே செத்திருந்தன. இந்திய நட்சத்திர ஆமை 2019-இல், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்புக்கு ஏற்றப்பட்டது, அதாவது காட்டில் பிடித்ததை வணிக நோக்கில் நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல இடமே இல்லை.

ஏற்கெனவே ஒரு குஞ்சு உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதென்றால், மனம் இளகி அதைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். தரை ஆமைக்கு நீச்சல் தெரியாது, மூழ்கிவிடும். காட்டிலும் விட வேண்டாம், வீட்டில் தொற்றிய நோயை அங்கே இருக்கும் ஆமைகளுக்குக் கொடுத்துவிடும். காற்றோட்டமான ஒரு அட்டைப்பெட்டியில் ஈரத்துணி விரித்து அதை உள்ளே வைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை எதுவும் ஊட்ட வேண்டாம்.