ஜிட்டர் என்னும் நடுக்கம்

வீட்டு இணைய இணைப்பில் எது கெட்டாலும் நம் வாயில் வருவது ‘நெட் ஸ்லோ’ என்பதுதான். கோப்பு இறங்க நேரமானாலும் ஸ்லோ, காணொளி அழைப்பில் முகம் உறைந்து நின்றாலும் ஸ்லோ, பேச்சு விட்டுவிட்டுக் கேட்டாலும் ஸ்லோ. இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. வேகக் குறைவு, தாமதம், பொதி இழப்பு (தரவு துண்டு துண்டாகப் போகும் ‘பாக்கெட்டு’கள் வழியில் தொலைவது) ஆகிய மூன்றுக்கும் ஓரளவு பழகிய தமிழ்ப் பெயர்கள் உண்டு. நான்காவதற்கு, அதாவது ஆங்கிலத்தில் ஜிட்டர் எனப்படுவதற்கு, நம்மிடையே பெயர் புழங்கவில்லை. பெயர் இல்லாததாலேயே அந்தக் கோளாறு பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தேன். “தம்பி, நெட் ஸ்லோவா இருக்குடா, அண்ணன் பேசுறது பாதிதான் கேக்குது” என்று அம்மா பல நாள் சொன்னார். இணைப்பு தந்த நிறுவனத்திலிருந்து வந்தவர் கூடத்தில் நின்று கைப்பேசியில் வேகச் சோதனை செய்தார். 96 எம்பிபிஎஸ் என்று காட்டியது. ‘லைன் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை, அம்மாவும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசினார்கள். இருவரிடமும் இருந்தது ஒரே சொல்.

அன்றிரவு அம்மாவின் அறையில் மடிக்கணினியை வைத்து, ஒரு சிறு பொதியை அனுப்பி அதற்கு விடை வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ரவுட்டரின் முகவரிக்கு ஓட விட்டேன். அடுத்தடுத்து வந்த பத்து விடைகள் மில்லிநொடிக் கணக்கில் இவை: 4, 5, 4, 212, 6, 4, 5, 348, 4, 8. கூட்டினால் 600, சராசரி 60. பிங் காட்டுவது போய்த் திரும்பும் மொத்த நேரம். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் போதும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அந்த அளவுகோலில் சராசரி 60 தேர்ச்சி பெற்றுவிடும். ஆனால் 59, 60, 61, 60, 58, 60, 62, 60, 61, 59 என்று விடை வரும் இணைப்பின் சராசரியும் அதே 60தான். அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுகளை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால், இந்த இணைப்பில் ஏறத்தாழ 1.6 மில்லிநொடி, எங்கள் வீட்டு இணைப்பில் 123. இப்படி வேறுபாடுகளிலிருந்து வரும் எண்ணைத்தான் ஜிட்டர் என்கிறார்கள்.

சொல்லின் பொருளைப் பேருந்தை வைத்துச் சொல்லலாம். ஒரு வழித்தடத்தில் மணிக்கு ஆறு வண்டிகள் விடப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தாலும் ஆறுதான். மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இருந்தாலும் ஆறுதான். வேகச் சோதனை எண்ணுவது வண்டிகளின் எண்ணிக்கையை. நிறுத்தத்தில் நிற்பவரை வாட்டுவது இடைவெளி. இணைய அழைப்பில் நம் குரல் வழக்கமாக 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, நொடிக்கு 50 பொதிகளாக அனுப்பப்படுகிறது. புறப்படும்போது சீராகப் புறப்படும் அந்தப் பொதிகள் சீரற்ற இடைவெளியில் வந்து சேர்ந்தால், எதிர்முனையில் உள்ள செயலி பிந்திவந்த துண்டை எறிந்துவிட்டு அடுத்ததை ஒலிக்கச் செய்கிறது. ‘பாதிதான் கேக்குது’ என்று அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

யூடியூப் நன்றாக ஓடுகிறதே, பிறகு அழைப்பு மட்டும் ஏன் தடைப்படுகிறது என்று பலர் கேட்பதற்கும் விடை இதுவே. முன்பே பதிவான காணொளியில் பல நொடிகளுக்கு வேண்டிய தரவு முன்கூட்டியே இறங்கி இடையகத்தில் (பஃபர்) காத்திருப்பதால், பொதிகள் எவ்வளவு தாறுமாறாக வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. நேரடி உரையாடலில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அழைப்புச் செயலிகளிலும் சிறிய இடையகம் ஒன்று உண்டு; அது தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிப் பொதி பிந்தினால், வந்தும் வராத பொதியாகவே கணக்காகும்.

இனிச் சொல்லின் பிறப்பு. 1920களின் அமெரிக்கப் பேச்சு வழக்கில் ‘தி ஜிட்டர்ஸ்’ என்றால் பதற்றத்தால் உடல் வெடவெடத்தல். இதன் வேர் ஆங்கிலச் சொல்லாய்வாளர்களால் முடிவாக நிறுவப்படவில்லை. குளிரில் நடுங்குவதைக் குறிக்கும் ‘சிட்டர்’ என்ற வட்டாரச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் ஒரு கருத்து. 1930களில் துள்ளலான ஒரு நடனத்தையும் அதை ஆடுவோரையும் ‘ஜிட்டர்பக்’ என்றார்கள். பின்னர் மின்னணுப் பொறியாளர்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டு, கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வரவேண்டிய குறிகை (சிக்னல்) சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் வருவதை ஜிட்டர் என்றனர். அங்கிருந்து அது கணினி வலையமைப்புக்குள் வந்து, பொதிகளின் தாமதம் மாறிக்கொண்டே இருப்பதைக் குறிக்கலாயிற்று.

இந்த இடப்பெயர்வு ஒரு குழப்பத்தையும் கூடவே கொண்டுவந்தது. இணையப் பொறியியல் பணிக்குழு 2002இல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 3393 என்னும் ஆவணம், ஜிட்டர் என்ற சொல்லை வெவ்வேறு துறையினர் வெவ்வேறு பொருளில் ஆள்வதால் குழப்பம் நேர்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, ‘தாமத மாறுபாடு’ என்னும் பொருள்பட்ட தொடரையே தான் ஆள்கிறது. அடுத்த ஆண்டு வந்த ஆர்.எஃப்.சி. 3550 ஜிட்டரைக் கணக்கிடும் ஒரு வழியை வகுத்தது. புதிதாக வரும் ஒவ்வொரு வேறுபாட்டையும் பழைய மதிப்போடு ஒப்பிட்டு, அந்த இடைவெளியில் பதினாறில் ஒரு பங்கை மட்டும் சேர்த்துக்கொண்டு போவது அந்த வழி. நான் மேலே செய்தது எளிய சராசரி. திட்டவிலக்கத்தைக் காட்டும் கருவிகளும் உண்டு. ஒரே இணைப்புக்கு இரண்டு செயலிகள் இரு வேறு ஜிட்டர் மதிப்புகளைக் காட்டினால் திகைக்க வேண்டியதில்லை.

தமிழில் என்ன சொல்வது? தாமத மாறுபாடு என்பது துல்லியமான தொடர். ஆவணத்தில் எழுத ஏற்றது. ஆனால் அதை வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லமாட்டார். அதிர்வு என்றால் ஒலியும் நில அதிர்ச்சியும் நினைவுக்கு வருகின்றன. அலைவு என்பதை இயற்பியல் பாடம் ஊசல் ஒரு சீரான காலத்தில் போய்வருவதற்கு ஒதுக்கிவிட்டது, ஜிட்டரிலோ சீர் என்பதே கிடையாது. தடுமாற்றம் நல்ல சொல்தான். எனினும் அது வழி தப்புவதையும் மனம் குழம்புவதையும் சேர்த்துச் சொல்கிறது.

நடுக்கம் என்பதே பொருந்துகிறது என்பது என் முடிவு. கை நடுங்கும்போது கை வேறிடத்துக்குப் போய்விடுவதில்லை; இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றியே நிலைகொள்ளாமல் ஆடுகிறது. சராசரி நன்றாக இருந்தும் ஒவ்வொரு பொதியும் முன்பின்னாக வருவதும் அப்படித்தான். ஆங்கிலச் சொல் உடல் வெடவெடத்தலில் தொடங்கியது போலவே, நடுக்கமும் குளிரிலும் அச்சத்திலும் முதுமையிலும் உடலுக்கு நேர்வதிலிருந்து நிலநடுக்கம் வரை ஏற்கெனவே விரிந்திருக்கிறது. இன்னொரு படி விரிவதற்குத் தடையில்லை. தொல்காப்பிய உரியியலில் ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்று ஒரு நூற்பா உண்டு. அதிர்வு, விதிர்ப்பு ஆகிய இரு சொற்களும் நடுக்கம் என்ற பொருளைத் தரும் என்பது அதன் கருத்து. அருஞ்சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடத்தில் எல்லோரும் அறிந்த சொல்லைத்தான் வைப்பார்கள். அன்று விளக்கும் சொல்லாக நின்ற நடுக்கம் இன்றும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல்லாகவே இருக்கிறது. விதிர்ப்பு இப்போது ‘விதிர்விதிர்த்துப் போனான்’ என்ற தொடரில் ஒதுங்கிவிட்டது.

இதன் பக்கத்துச் சொல்லான லேட்டன்சியை, அதாவது தாமதத்தை, நடுக்கத்தோடு கலந்துவிடக் கூடாது. லத்தீனில் மறைந்திருத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது அது. இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்பதில் வரும் உள்ளுறை அதே வேரின் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு. வலையமைப்பில் அதற்குச் சுணக்கம் என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. ‘வேலை சுணங்கிவிட்டது’ என்று பேச்சில் நாம் சொல்வதே. சுணக்கம் எவ்வளவு நேரமாகிறது என்பது. நடுக்கம் அந்த நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது. தொலைதூரச் செயற்கைக்கோள் இணைப்பில் சுணக்கம் மிகுந்தும் நடுக்கம் குறைந்தும் இருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது அதற்கு நேர்மாறு.

நடுக்கம் என்று பெயர் வைத்ததும், எங்கே நடுங்குகிறது என்ற கேள்வி தானாக எழுகிறது. மடிக்கணினியை வடம் வழியாக ரவுட்டரில் இணைத்துப் பார்த்தேன். எல்லா விடையும் ஒரு மில்லிநொடி அளவிலேயே வந்தன. ஆகவே வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழையைக் குறைசொல்லக் காரணமில்லை, நடுக்கம் வைஃபையில்தான். கூடத்து ரவுட்டருக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே, சுவரை ஒட்டி, ஆளுயர இரும்பு பீரோ நின்றது. உலோகம் வானலையைத் தடுக்கிறது. வலுவிழந்த குறிகையில் பொதி சிதைந்தால் வைஃபை அதை மறுபடி மறுபடி அனுப்புகிறது. அந்த மறு அனுப்புதலின் காத்திருப்பே 212 ஆகவும் 348 ஆகவும் தெரிந்தது. ரவுட்டரைக் கதவுக்கு நேரான அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிய பிறகு எண்கள் 3க்கும் 9க்கும் இடையில் நின்றன.

எல்லா வீட்டிலும் பீரோவே காரணமாக இருக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால், அடுக்குமாடியில் அண்டை வீட்டு ரவுட்டர்களின் நெரிசல் நடுக்கத்தைத் தரும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவது. கைப்பேசியிலிருந்து படங்கள் மேகச் சேமிப்பகத்துக்கு (கிளவுட்) ஏறும்போது மட்டும் நடுங்கினால், மேலேற்றும் பாதையின் இடையகத்தில் பொதிகள் வரிசைகட்டி நிற்கின்றன என்று பொருள். ஆங்கிலத்தில் பஃபர்புளோட் எனப்படும் அதை இடையக வீக்கம் எனலாம்; வரிசையை முறைப்படுத்தும் எஃப்கியூ-கோடெல் போன்ற வசதி உள்ள ரவுட்டரில் அது பெருமளவு அடங்கும். பிங் ஓடும்போது ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வரிகள் வந்தால் அது பொதி இழப்பு. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளியே வரவில்லை. இவ்விரண்டையும் நடுக்கம் என்று எழுதக் கூடாது. ரவுட்டர்கள் பிங்குக்கு விடை சொல்வதைப் பின்னுக்குத் தள்ளி மற்ற வேலையை முதலில் பார்ப்பதும் உண்டு. ஆகையால் நூறு விடைகளில் ஓரிரண்டு துள்ளினால் அதை நோயாகக் கொள்ள வேண்டாம்.

வடத்தில் இணைத்த பிறகும், வீட்டில் வேறு யாரும் எதையும் ஏற்றாதபோதும், வெளி முகவரிக்கு விடும் பிங் மட்டும் துள்ளினால், அப்போது நிறுவனத்துக்கு எழுதலாம். ‘நெட் ஸ்லோ’ என்று எழுதினால் வேகச் சோதனையோடு திரும்பிவிடுவார்கள். ‘வடத்தில் ரவுட்டர் வரை நடுக்கம் 1 மில்லிநொடி, ரவுட்டருக்கு அப்பால் மாலை 7 முதல் 10 மணி வரை நடுக்கம் 80 மில்லிநொடிக்கு மேல், வேகம் குறையவில்லை’ என்று, பார்த்த எண்ணோடும் நேரத்தோடும் எழுத வேண்டும்.