சமூகத் தொழில்முனைவு ஆய்வுகளும் வீட்டுக் கொப்பியும்

மூதூரில் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் அரைத்துப் பொதி செய்து விற்கும் மாதர் சங்கம் ஒன்றுக்கு, இறுதியாண்டு மாணவி ஒருவரைக் களப்பணிக்காக அழைத்துச் சென்றிருந்தேன். வினாக்கொத்தின் நான்காம் பக்கத்தில் மாத வருமானம் பற்றிய கேள்வி வந்தபோது, பாயில் இருந்த உறுப்பினர் எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து கதவு நிலையில் நின்றபடி, "பிள்ளை, சங்கத்துக்குக் காட்டுற கொப்பியா, வீட்டுக் கொப்பியா?" என்று கேட்டார். மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

சங்கக் கொப்பி கடதாசி உறை போட்டது. திகதி, கொள்வனவு, விற்பனை, இலாபம் என்று அடிக்கோலால் கோடு கிழித்து எழுதப்பட்டிருந்தது. வீட்டுக் கொப்பி, மகனின் ஏழாம் ஆண்டுக் கணிதக் கொப்பியில் எஞ்சியிருந்த பின்பக்கங்கள். கடை நிலுவை, சீட்டுக் காசு, கிழமை லோன் தவணை, டியூஷன் காசு, கணவரின் வலைக்கு வாங்கிய நூல், மா விற்ற காசு ஆகிய எல்லாம் அதில் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. சங்கக் கொப்பியில் இலாபம் என்று இருந்த தொகை, வீட்டுக் கொப்பியின் எந்தப் பக்கத்திலும் அப்படியே இருக்கவில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் சிறு உற்பத்திக் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குவதும், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் களத்துக்கு வரும்போது அவர்களுடன் கூடச் செல்வதும் என் தொழில். இரு தரப்பிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமூகத் தொழில்முனைவு ஒரு கிராமத்தின் பொருளாதாரத்தை எவ்வளவு மாற்றியது என்று கேட்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை, முதலாவது கொப்பியை மட்டும் படித்துவிட்டு முடிவு எழுதுகின்றன. மாற்றம் நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும் அதற்கான சான்று இருப்பது இரண்டாவது கொப்பியில்.

சமூகத் தொழில்முனைவு என்ற சொல்தான் நமக்குப் புதிது. இலாபத்தைப் பங்காளிகளின் பைக்குள் போடாமல் ஒரு சமூகத் தேவைக்குத் திருப்பும் தொழில் என்று அதற்குப் பொருள் கொண்டால், 1911 ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் இயற்றிய நாடு இது. ஆனாலும் சமூகத் தொழில்முயற்சி எனத் தனியான சட்ட வடிவம் இலங்கையில் இல்லை. ஒன்று கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்கிறது. இன்னொன்று 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பங்குகள் வெளியிடாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகிறது. மற்றொன்று வெறும் மாதர் சங்கமாகவே இருந்துவிடுகிறது. ஆய்வாளர் தன் மாதிரியைத் தெரிவு செய்யும்போதே இந்தக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. பிரதேச செயலகத்தின் பட்டியலில் உள்ள குழுக்களை மட்டும் எடுத்தால், இயங்காமல் போன குழுக்கள் கணக்கில் வருவதில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் நோய்க்கு மருந்து எப்போதும் பலித்ததாகத்தான் தெரியும்.

இந்தத் துறையின் பேர்பெற்ற முயற்சி ஒன்று பல்கலைக்கழகத்தின் வாசலில் வளர்ந்தது என்பதை மாணவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. 1976 இல் வங்காளதேசத்தின் சிட்டகொங் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ், பக்கத்துக் கிராமமான ஜோப்ராவில் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் அளவான காசைக் கடனாகக் கொடுத்ததில்தான், ஏழைகளுக்குச் சிறு கடன் வழங்கும் கிராமீன் வங்கியின் கதை தொடங்குகிறது. 2006 இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஆனால் நுண்கடன் எனப்படும் இந்தச் சிறு கடனை, அது எட்டாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை ஒப்பீட்டுக்கு வைத்து அளந்தபோது கிடைத்த படம் வேறு. ஐதராபாத் நகரில் 104 குடியிருப்புகளைத் தெரிந்து, அவற்றில் பாதியில் மட்டும் கடன் கிளைகளைத் திறக்கச் செய்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வு, சராசரிக் குடும்பத்தின் வாழ்வில் புரட்சிகரமான மாற்றம் எதையும் காணவில்லை. கடன் பயனற்றது என்று அதற்குப் பொருளல்ல. கதைகளில் கேட்ட அளவுக்கு இல்லை என்பதே பொருள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. சுனாமிக்குப் பின், 2005 முதல் 2007 வரை, காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோரிடையே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் சீட்டுக் குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 ரூபா, சிலருக்கு 20,000 ரூபா என மானியம் வழங்கி, மற்றவர்களுடன் ஒப்பிட்டார்கள். மூலதனத்துக்கு மாதம் ஐந்து சதவீதம் அளவில் வருவாய் கிடைத்தது. எந்த வங்கியின் வட்டியையும் விட அது அதிகம். ஆனால் ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்தபோது, ஆண்களின் தொழிலில்தான் அந்த உயர்வு இருந்தது; பெண்களின் தொழிலில் சராசரியாக எதுவும் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று இதற்குப் பொருள் கொண்டவர்கள் பலர்.

பின்னர் 2019 இல் வெளிவந்த மறுஆய்வு ஒன்று, இலங்கைத் தரவையும் இந்தியா, கானா நாடுகளின் தரவுகளையும் மீண்டும் எடுத்து, தனியாளைப் பார்க்காமல் முழு வீட்டையும் பார்த்தது. அப்போதுதான் விடயம் தெளிந்தது. வீட்டில் அந்தப் பெண் மட்டுமே தொழில் செய்யும் இடத்தில் அவளுடைய வருவாய் ஆண்களின் வருவாய்க்குக் குறையவில்லை. கணவருக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், பெண்ணின் பெயரில் வந்த காசு அந்தத் தொழிலுக்குள் போய்விட்டிருந்தது.

மூதூரில் நாங்கள் பார்த்த வீட்டுக் கொப்பியும் இதையே காட்டியது. மா இடிக்கும் இயந்திரத்துக்கென வந்த கொடுப்பனவில் ஒரு பகுதி வலைக்குப் போயிருந்தது. மாணவி தன் குறிப்பில் அதை "நிதி திசைதிருப்பல்" என்று எழுதினார். நான் அழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே, வலை வந்த பிறகு வீட்டின் மொத்த வருமானம் என்ன ஆனது என்ற கேள்வியைச் சேர்க்கச் சொன்னேன். வலையால் வீட்டுக்கு நன்மை வந்திருந்தால் அது தாக்கத்தின் ஒரு பகுதி. அந்த வருமானத்தின் மீது அந்தப் பெண்ணுக்குப் பேச்சுரிமை இல்லாமல் போயிருந்தால், அதுவும் தாக்கத்தின் ஒரு பகுதிதான். இரண்டையும் கேட்காமல் "திசைதிருப்பல்" என்று எழுதுவது தணிக்கையாளரின் வேலை.

இலாபத்தை எப்படிக் கேட்பது என்பதிலும் டி மெல் உள்ளிட்ட அதே மூவரின் இலங்கை ஆய்வு நமக்கு உதவுகிறது. விற்பனை எவ்வளவு, மூலப்பொருள் எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு எனத் தனித்தனியாகக் கேட்டு ஆய்வாளரே கழித்துப் பார்ப்பதைவிட, எல்லாச் செலவும் போகப் போன மாதம் எவ்வளவு மிஞ்சியது என்று நேரடியாகக் கேட்பதே உண்மைக்கு அதிகம் கிட்டியது என்று அவர்கள் கண்டார்கள். தனித்தனியாகக் கேட்டபோது விற்பனைத் தொகையை மக்கள் சுமார் 30 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு பக்க வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையும் மாணவர்களுக்கு இது நற்செய்தியாக இருக்க வேண்டும். ஆனால் மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்களுக்குப் பக்கங்கள் குறைவது பிடிப்பதில்லை.

அடுத்தது காலம். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் உல்லாசப் பயணிகளின் சீசன், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில். ஐப்பசி தொடங்கி வாடை வந்தால் கடலும் விடுதிகளும் அடங்கிவிடுகின்றன. அரிசிமாவுக்கு நோன்பும் தீபாவளியும் பொங்கலும் கேள்வியைக் கூட்டுகின்றன. திட்டம் தொடங்குமுன் மார்கழியில் ஒரு கணக்கெடுப்பு, தொடங்கிய பின் ஆனியில் ஒரு கணக்கெடுப்பு என்று எடுத்து, வருமானம் இருமடங்காகியது என்று முடிவெழுதிய ஆய்வேடு ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். அது காற்று மாறியதை அளந்திருந்தது.

விலைவாசியும் அப்படியே. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த ஓராண்டில் ஒரு குழுவின் மாத வருமானம் 20,000 ரூபாவிலிருந்து 30,000 ரூபாவுக்கு ஏறியிருந்தால், அறிக்கையில் அது 50 சதவீத வளர்ச்சி. அடுப்படியில் அது இழப்பு. விலையேற்றத்தைக் கழிக்காமல் 2021 ஐயும் 2023 ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் அட்டவணை எதுவானாலும், அதை நன்கொடையாளருக்கு அனுப்புமுன் ஒருமுறை மறித்துக் கேளுங்கள்.

கிராமத்துக்குள் காசு எவ்வளவு தங்குகிறது என்பதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. லண்டனில் உள்ள புதிய பொருளாதார நிறுவகம் வடிவமைத்த இந்த முறையில், நிறுவனத்தின் வருமானத்தை மூன்று சுற்றுக்குப் பின்தொடர்கிறார்கள். உதாரணமாக ஒரு சங்கத்துக்கு 100,000 ரூபா வருகிறது. அதில் 60,000 ரூபாவை அது ஊருக்குள் கூலியாகவும் நெல்லுக்காகவும் செலவழிக்கிறது. அதைப் பெற்றவர்கள் 36,000 ரூபாவை மீண்டும் ஊருக்குள் செலவழிக்கிறார்கள். மூன்றையும் கூட்டி முதல் தொகையால் வகுத்தால் 1.96 வரும். ஒரு ரூபா ஊருக்குள் ஏறக்குறைய இரண்டு ரூபா வேலை செய்திருக்கிறது.

இதை நம் மா அரைக்கும் சங்கத்தில் செய்து பார்த்தபோது, ஒரே கூரையின் கீழ் இரண்டு வேறு தொழில்கள் நடப்பது தெரிந்தது. அரிசிமாவுக்கான நெல் தம்பலகாமத்து வயல்களிலிருந்து வந்தது. அந்தக் காசு மாவட்டத்துக்குள்ளேயே சுற்றியது. மிளகாய்த்தூளுக்கான செத்தல் மிளகாயோ, நாட்டின் தேவையில் பெரும்பகுதியைப் போலவே, இந்தியாவிலிருந்து இறக்குமதியானது. பொதி செய்யும் பையும் கொழும்பிலிருந்து வந்தது. மிளகாய்த்தூளில் இலாபம் சற்றுக் கூடுதல் என்பதால் சங்கம் அதையே பெருக்க நினைத்திருந்தது. சங்கத்தின் இலாபமும் ஊரின் நன்மையும் ஒரே திசையில் போகாத இடம் இது. முடிவு உறுப்பினர்களுடையது, ஆனால் இந்தக் கணக்கு அவர்கள் முன் வைக்கப்பட்ட பின்னரே அவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

சங்கத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, தனியாக மா இடித்து விற்கும் இன்னொரு பெண் இருந்தார். அவருக்கு மானியம் இல்லை, இலவச இயந்திரம் இல்லை. சங்கத்தின் பொதி கடைகளுக்கு வந்த பிறகு தான் கொடுக்கும் கடைகள் குறைந்துவிட்டதாகச் சொன்னார். அவரிடம் கேட்கும் எண்ணம் எங்கள் வினாக்கொத்தில் இருக்கவில்லை. தண்ணீர் கேட்டு அந்த வாசலில் நின்றதால் தெரியவந்தது. சங்கத்தின் விற்பனையில் எவ்வளவு புதிது, எவ்வளவு இன்னொருவரிடமிருந்து இடம்மாறியது என்று பிரித்துப் பார்க்காத ஆய்வு, ஒரு பெண்ணின் நட்டத்தை இன்னொரு பெண்ணின் வெற்றியாகப் பதிவு செய்கிறது.

பயிற்சிப் பட்டறைகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பது செலவுக் கணக்கு. இலங்கைப் பெண்களிடையே நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது இலாபம் உயரவில்லை. பயிற்சியோடு மானியமும் கொடுத்தபோது முதலில் உயர்ந்து, இரண்டாம் ஆண்டில் அது மறைந்துவிட்டது. ஆறு மாதத்தில் களம் மூடும் ஆய்வுக்கு இந்த மறைவு ஒருபோதும் கண்ணில் படாது.

கடனைக் கேட்க மறக்காதீர்கள். கேட்கும்போது கணவர், மாமியார், சக உறுப்பினர் எவரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். ஒரு வீட்டில் கிழமை லோன்கள் மூன்று ஓடும்போது, தொழிலின் வருமானம் எங்கே போகிறது என்பதை விற்பனைக் கணக்கிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஆய்வுக்கு முகம் கொடுக்கும் பெண்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2004 சுனாமியிலிருந்து இந்த மாவட்டம் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வருபவரிடம் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், படம் எடுக்க வேண்டாம் எனலாம். இவற்றால் உங்களுக்கு வரவேண்டிய எந்த உதவியும் நிற்கக்கூடாது என்பது ஆய்வு ஒழுக்கத்தின் அடிப்படை விதி. அதேபோல, பதில் சொன்னால் உதவி வரும் என்று எவராவது சொன்னால் அவரை நம்ப வேண்டாம். முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தரும்படி முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஆங்கில ஆய்வேடு ஒரு நூலக இறாக்கையில் இருப்பதால் உங்களுக்கு எதுவும் ஆகப்போவதில்லை.

அந்த மாணவி தன் ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு தை மாதத்தில் மீண்டும் மூதூருக்குப் போனார். நானும் உடன் போனேன். ஆலைச் சுவரில் ஒட்டிய தாளைக் கொப்பிக்காரப் பெண் நின்று முழுவதும் வாசித்தார். பிறகு, ஒரு மூடை நெல்லைக் குத்திப் புடைக்கத் தங்களுக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டார். கூலியில்லாத அந்த நேரத்தை நாங்கள் இருவருமே கேட்கவில்லை. மாணவி அங்கேயே கீழே அமர்ந்து தன் குறிப்புக் கொப்பியைத் திறந்தார்.