அண்டர்வோல்ட்டிங்: 'குறை மின்னழுத்தம்' அல்ல, மின்னழுத்தத் தணிப்பு

"மாமா, லேப்டாப்புக்குன்னு தனியா ஸ்டெபிலைசர் விக்குதா?" என்று அக்கா மகன் கேட்டான். எதற்கடா என்றேன். கணினி கொதிக்கிறது, வழி தேடினேன், 'மடிக்கணினிச் சூடும் குறை மின்னழுத்தமும்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன் என்றான். அவன் தலைப்போடு நிறுத்திக்கொள்கிற ஆள். அவர்கள் ஊரில் சாயங்காலம் மோட்டார் போடுகிற நேரத்தில் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், டியூப்லைட் கண் சிமிட்டும். குறை மின்னழுத்தம் என்றால் அவனுக்கு அதுதான். அதனால்தான் லேப்டாப் சூடாகிறது போல என்று முடிவு கட்டிவிட்டான். நோயின் பெயரை மருந்துக்கு வைத்தால் வேறென்ன நடக்கும்?

இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது முதல்முறையல்ல. கணினியின் மூளையான செயலிக்கு (பிராசசர்) போகும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கிச் சூட்டைக் குறைப்பதுதான் அண்டர்வோல்ட்டிங். அதைக் 'குறை மின்னழுத்தம்', 'தாழ் மின்னழுத்தம்', இன்னும் கொடுமையாகக் 'கீழ்மின்னழுத்தம்' என்றெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

சொல்லின் பிறப்பில் பெரிய கதை இல்லை. 1800இல் மின்கல அடுக்கை உலகுக்குக் காட்டிய இத்தாலியர் அலெசாண்ட்ரோ வோல்டாவின் பெயரிலிருந்து வோல்ட். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு அதை அலகாக ஏற்றது. அதை வினையாக்கி, முன்னால் 'அண்டர்' சேர்த்தால் அண்டர்வோல்ட். அவ்வளவுதான்.

பொருள்தான் முக்கியம். சுவரில் வருவது 230 வோல்ட், அடாப்டர் தருவது 19 அல்லது 20, செயலியின் உள்ளே போய்ச் சேர்வது ஒரு வோல்ட் சொச்சம். அண்டர்வோல்ட்டிங் தொடுவது அந்த ஒரு வோல்ட் சொச்சத்தை மட்டும். ஒரே அச்சில் வார்த்தாலும் எல்லாச் சில்லும் (சிப்) ஒன்றுபோல் அமையாது. அதில் நோஞ்சானும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் அழுத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார். திடமான சில்லுக்கு அந்த உபரி வெறும் சூடு. அதை வெட்டுவதுதான் வேலை. சில்லு தின்னும் மின்திறனில் பெரும்பகுதி அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். 1 வோல்ட்டை 0.9 ஆக்கினால் அந்தப் பகுதி 19 சதவீதம் குறைந்துவிடும். வேகத்தில் கை வைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேகத்தைக் குறைப்பது அண்டர்கிளாக்கிங், அது வேறு.

இப்போது 'குறை மின்னழுத்தம்' என்பதற்கு வருவோம். முதல் கோளாறு, அது நிலையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. குறை ரத்த அழுத்தம் என்றால் மயங்கி விழுகிற நோய். ரத்த அழுத்தத்தைத் தணிப்பது டாக்டர் மாத்திரை கொடுத்துச் செய்கிற வேலை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதுகிற மருத்துவக் குறிப்பை யாராவது நம்புவார்களா? இரண்டாவது, 'குறை' என்றாலே பற்றாக்குறை, குறைபாடு என்று மனம் ஓடும். இங்கே எதுவும் பற்றாமல் போகவில்லை. 'கீழ்மின்னழுத்தம்' போட்டவர் அகராதியில் 'அண்டர்' என்பதற்கு நேரே இருந்த முதல் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார். இதே ஆட்கள் செயலியின் வேகத்தை ஏற்றுகிற ஓவர்கிளாக்கிங்கை 'மேற்கடிகாரம்' ஆக்கிவிடுவார்கள். சுவரில் இன்னும் கொஞ்சம் மேலே மாட்டிய கடிகாரம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

'மின்னழுத்தத் தணிப்பு' என்பது என் பரிந்துரை. அடுப்பைத் தணித்து வை என்கிறோம், தாகம் தணிந்தது, கோபம் தணிந்தது என்கிறோம். வேண்டிய அளவுக்கு இறக்குவது, சூட்டை ஆற்றுவது, இரண்டும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. ஒருவர் வேண்டுமென்றே செய்வது என்பதும் தெரிகிறது. 'தணிக்கை' நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் இழுத்தார். பேரிடர் தணிப்பு என்று எழுதும்போது வராத சந்தேகம் இங்கே மட்டும் ஏன்? தனித்தமிழ் வெறியில் சொல்லவில்லை. 'அண்டர்வோல்ட்' என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். தப்பான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

ஆனால் சூட்டோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல்லான த்ராட்லிங் விஷயத்தில் கடன்சொல்லும் கைகொடுக்காது. ஆங்கிலத்தில் அது தொண்டையிலிருந்து வந்த சொல், கழுத்தை நெரிப்பது. சூடு எல்லை தொட்டதும், பல செயலிகளில் 100 டிகிரி, சில்லு தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது, அதுதான் த்ராட்லிங். பைக் ஓட்டுகிற நம் ஆளிடம் போய் த்ராட்டில் என்றால் என்ன செய்வார்? திருகி வேகத்தை ஏற்றுவார்! பொருள் நேரெதிர். 'வெப்பத் திணறல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும், சில்லு திணறவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. 'வேக மடக்கம்' என்று ஒருவர் பிரித்து எழுதியதைப் பார்த்து மடக்குக் குடை நினைவுக்கு வந்தது. சேர்த்து 'வேகமடக்கம்' என்று எழுதினால் போதும், அடக்கம் தெரியும்.

அக்கா மகனின் ஆறு கோர் லேப்டாப்பில், செயலியின் அழுத்தத்தை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் நிரலைத் திறந்து, கோர் (கணக்குப் போடும் பகுதி), கேஷ் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவகம்) இரண்டுக்கும் ஒரே அளவில் 80 மில்லிவோல்ட் இறக்கினோம். விளையாட்டின் நடுவே 97 டிகிரி காட்டியது 88இல் நின்றது, வேகமும் விழவில்லை. ஆசை விடாமல் 110க்குப் போனான், கணினி முடங்கி நீலத் திரை வந்தது. மறுபடி 80.

என் கணினியில் அந்த அமைப்பே பூட்டிக் கிடக்கிறது. 2019 டிசம்பரில் 'ப்ளண்டர்வோல்ட்' என்ற தாக்குதல் வெளியானது. அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கினால் இன்டெல் செயலியின் பாதுகாப்பு அறைக்குள் பெருக்கல் கணக்கே தப்பாகும், அதை வைத்து தகவலைப் பூட்டிவைக்கும் ரகசியத் திறவுகோல்களைக் கறக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு வந்த பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிப்புகள் பல கணினிகளில் இந்த வசதியை அடைத்துவிட்டன. அந்தச் செய்தியைத் தமிழில் தேடினேன். 'குறை மின்னழுத்தத் தாக்குதல்' என்று போட்டிருந்தது. அக்கா மகன் கண்ணில் படாமல் மூடிவிட்டேன்.