கொட்டுவது ஆண் பூ, ரீச்சர்

போன கிழமை மட்டும் தோட்டத்துக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தது நாலு பேர். நாலு பேரிடமும் ஒரே கதை. "பூ பூவாய்க் கொட்டுது பிள்ளை, காய் ஒண்டும் பிடிக்கேல்லை. மருந்தும் அடிச்சுப் பார்த்தாச்சு." ஐந்தாவது கதை திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரின் வளவில். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவே இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளவு நல்ல வளவு. கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை, நடுவில் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். பந்தலில் ஒரு பக்கம் பாகல், மறுபக்கம் பீர்க்கு, கீழே மணலில் பூசணி படர்ந்து கிடக்கிறது. இலை கரும்பச்சை, கொடி விரல் தடிப்பு. நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. விரிந்திருந்த பூசணிப் பூ ஒன்றைக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கிண்ணத்துக்குள் இரண்டு தேனீக்கள் செத்துக் கிடந்தன. ஒன்றின் பின்னங்காலில் மகரந்த உருண்டை அப்படியே ஒட்டியிருந்தது.

"எப்ப ரீச்சர் மருந்தடிச்சனீங்கள்?"

"காலமை ஏழு மணிக்கு. வெயில் ஏற முன்னம் அடிச்சால்தானே பிள்ளை பிடிக்கும்."

"என்னத்துக்கு அடிச்சனீங்கள்?"

"பூ கொட்டுதே!"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாகல், பீர்க்கு, புடோல், பூசணி, சுரை, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். நம் வீடுகளில் நிற்கும் இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியிலேயே பூக்கும். ஆண் பூ காய்க்காது. அது விரியும், மகரந்தம் கொடுக்கும், வாடும், கொட்டும். ஒரு நாள் வேலை, முடிந்தால் போய்விடும். காய்க்கிறது பெண் பூ மட்டும். இரண்டையும் பிரித்தறிய விவசாயம் படித்திருக்கத் தேவையில்லை. பூவைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பூவுக்கும் காம்புக்கும் நடுவில் குட்டிக் காய் ஒன்று இருந்தால் பெண். பாகலில் அது முள்ளு முள்ளாய் ஒரு சின்னப் பாகற்காய் மாதிரியே இருக்கும், பூசணியில் மாபிள் அளவு உருண்டை, புடோலில் நூல் திரித்த மாதிரி நீளமாய். பின்னால் வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண்.

சரி, இப்போது நிலத்தில் கொட்டிக் கிடப்பவற்றைப் பொறுக்கித் திருப்பிப் பாருங்கள். பத்தில் ஒன்பது வெறும் காம்பாகத்தான் இருக்கும். ரீச்சரும் பொறுக்கினார். பந்தலுக்குக் கீழே இருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். கையில் இருந்த பதினேழில் பதினாறு ஆண். "அப்ப இவ்வளவு நாளும் நான் என்னத்துக்கு மருந்தடிச்சனான்?" என்று என்னையே கேட்டார்.

இன்னொன்று. கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் வருவது ஆண் பூதான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஆண் பூ மட்டும் பூத்துக் கொட்டும். அதன் பிறகுதான் பெண் பூ எட்டிப் பார்க்கும். வந்த பிறகும் பாகலில் பத்துப் பதினைந்து ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ என்பது சாதாரணம். ஆகவே, திரும்பவும் சொல்கிறேன், தேவையென்றால் இன்னும் நாலு தரம் சொல்வேன்: பூ கொட்டுவது நோயில்லை. பூச்சி கடித்ததில்லை. கண்ணூறும் இல்லை. பெண் பூ வராத கொடியில் காய் எங்கே என்று தேடுவதும், தேடிக் கிடைக்கவில்லை என்று நஞ்சைத் தெளிப்பதும்தான் நடந்துகொண்டிருக்கிறது.

நம் ஊரில் இது இன்னும் கூடுதலாய்த் தெரியும். சூடும் நீண்ட பகலும் இந்தக் குடும்பத்தில் ஆண் பூவைக் கூட்டும். மே மாதத்துக்குப் பின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலையில் என்ன வெக்கை என்று உங்களுக்குத் தெரியும், கொடிக்கும் தெரியும். அதோடு யூரியாவை அள்ளிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இலையும் கொடியும் தளதளவென்று வரும், பூவும் வரும், ஆனால் ஆண் பூ. உப்புவெளி, நிலாவெளி மணலில் எரு நிற்காது என்று சொல்லி, கிழமைக்கொரு பிடி யூரியா போடுகிறவர்களை எனக்குத் தெரியும். 2021 இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருடமே நவம்பரில் தடையை எடுத்தார்கள். அப்போது உரத்துக்கு அலைந்த பயமோ என்னவோ, இப்போது கிடைப்பதையெல்லாம் போடுகிறார்கள். மணலுக்குக் கூட்டெருவும் காய்ந்த மாட்டெருவும் போடுங்கள், மேலே சருகால் மூடுங்கள். யூரியாவைக் குறையுங்கள். காய் தானாக வரும்.

அப்புறம் அந்த ஏழு மணி. பூசணிப் பூ விடியப் புறம் விரிந்து, பத்து மணியளவில் சுருங்கத் தொடங்கிவிடும். பாகலும் காலைப் பூ. தேனீ, கொசுத்தேனீ, அந்தக் கறுப்புக் கருவண்டு எல்லாம் வேலைக்கு வருவதும் அந்த நேரம்தான். இந்தக் குடும்பத்து மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது, காற்றுக்குப் பறக்காது. ஒருவர் சுமந்து கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு. சுமக்கிறவரை நீங்கள் ஏழு மணிக்குக் கொன்றால் பெண் பூ சும்மா விரிந்து, சும்மா மூடி, பின்னால் இருக்கும் குட்டிக் காய் மூன்று நாளில் மஞ்சளாகி விழும். அதைக் கண்டு இன்னொரு தரம் அடிப்பீர்கள். முதல் தரம் அடித்தது இல்லாத நோய்க்கு. இரண்டாம் தரம் அடிப்பது நீங்களே உண்டாக்கிய நோய்க்கு.

ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி, வளைந்து வரும் காய்களைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது அரைகுறை மகரந்தச் சேர்க்கை. தேனீ போதாத தோட்டத்தின் காய் அப்படித்தான் வரும். அதற்கும் ஒருவர் கடையில் "காய் நேராகிற மருந்து" வாங்கி வந்திருந்தார். விற்றவரின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

"அப்ப பின்னேரம் அடிக்கலாமோ?" என்று கேட்டார் ரீச்சர். நல்ல கேள்வி. பாகலும் பூசணியும் மட்டும் என்றால், உண்மையிலேயே பூச்சி இருந்தால், பூ மூடிய பிறகு பின்னேரம் அடிக்கலாம். ஆனால் பீர்க்குப் பூ விரிவதே பின்னேரம் ஐந்து மணிக்குப் பின்தான். சுரையும் அப்படி. புடோல் இருட்டினால்தான் அந்த வெள்ளைச் சடைப்பூவை விரிக்கும். அதற்கு வருவது இரவு அந்துப்பூச்சிகள். அந்துப்பூச்சி என்றவுடன் "அது புழுவாகும், கொல்லு" என்கிறோம். சிலது ஆகும்தான். ஆனால் அந்துப்பூச்சி வராத பந்தலில் புடோல் எப்படிக் காய்க்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. ரீச்சரின் பந்தலில் பாகலும் பீர்க்கும் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பந்தலுக்கு நஞ்சடிக்க நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. அதைத்தான் சொன்னேன்.

தேனீ வருகிறதில்லை என்றால் கையால் செய்யுங்கள். பூசணிக்கு விடியக் காலை ஆறு, ஏழு மணிக்குள் விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் பூசிய ஒரு தண்டு நிற்கும். பெண் பூவின் நடுவே பிரிந்து நிற்கும் சூலக முடியில் அதை மெதுவாகத் தடவுங்கள். ஒரு பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவழித்தாலும் பரவாயில்லை, அதுதான் நிறையக் கிடக்கிறதே. பீர்க்குக்கும் இதே வேலைதான், பொழுதுபட்ட பிறகு டோர்ச் வெளிச்சத்தில். ரீச்சரின் பேத்தி இதைப் பழகிவிட்டாள். "கலியாணம் செய்து வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

உண்மையில் கஷ்டம் தரும் பூச்சி ஒன்று இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பழ ஈ. பிஞ்சுப் பாகலில் ஊசி போல் குத்தித் தோலுக்குக் கீழே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புழு இருப்பது காய்க்குள்ளே. நீங்கள் வெளியே அடித்து நனைத்தாலும் அதற்குப் படாது, காயைச் சாப்பிடும் உங்களுக்குத்தான் படும். பிஞ்சு விரல் நீளம் வந்தவுடன் கடதாசிப் பை கட்டுங்கள், வாய் இறுக்கமாக. குத்துப்பட்டு மஞ்சளாகி விழுந்த காயை வேலிக்கு வெளியே எறியாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாய்த் திரும்பி உங்கள் பந்தலுக்கே வரும். கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, சில நாள் நல்ல வெயிலில் வையுங்கள். இதைச் சொன்னால் "அது பெரிய வேலை" என்கிறார்கள். பன்னிரண்டு லீட்டர் டாங்கியை முதுகில் சுமப்பது சின்ன வேலையா?

பாகலை மூன்று நாலு நாளுக்கு ஒருக்கால் பறிக்கிறோம். போத்தல் லேபிளில் கடைசியாக அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பதினான்கு நாள் என்று இருந்தால் கணக்கை நீங்களே பாருங்கள். வீட்டுத்தோட்டம் நஞ்சில்லாத மரக்கறிக்கு என்றுதானே தொடங்கினீர்கள்? 2022 இல் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்ன காலத்தில் தொடங்கியவர்கள் பலர் இன்றும் விடாமல் செய்கிறார்கள். அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அதனால்தான் வயிறு எரிகிறது.

"மருந்து" என்ற சொல்லிலும் பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் அலுவலகத் தாள்களில் பீடைநாசினி என்று இருக்கும், வாயில் வருவது மருந்துதான். மருந்து என்றால் கொஞ்சம் கூடினாலும் நல்லது என்று ஒரு எண்ணம். ரீச்சர் அளந்தது சோடாப் போத்தல் மூடியால். அந்தச் சோடாப் போத்தலுக்குள்தான் மருந்தும் இருந்தது. கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேபிள் இல்லை, பெயர் இல்லை. குசினி யன்னலில், தேங்காயெண்ணெய்க்குப் பக்கத்தில். வீட்டில் ஏழு வயதுப் பேத்தி. இந்த இடத்தில் நான் ஏசினேன், ரீச்சர் என்றும் பார்க்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்படி விற்பதற்கு எதிராகத்தான் இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கே குசினியை விட்டு எடுத்து, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். மணல் நிலம், நேரே கிணற்றுக்குத்தான் போகும்.

எல்லாப் பூச்சியும் எதிரி என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2008 இல் பப்பாசியில் வெள்ளைப் பஞ்சு அப்பின மாதிரி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கிறதா? முருங்கை, கொய்யா, செவ்வரத்தை என்று எல்லாவற்றிலும் ஏறியது. அடித்து அடித்துப் பார்த்தார்கள். அதன் மெழுகுப் பூச்சுக்கு மேல் மருந்து நிற்கவில்லை. 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். பப்பாசி தப்பியது அதனால்தான். அந்தக் குளவியின் வாரிசுகள் இப்போதும் உங்கள் வளவில் இருக்கலாம், நீங்கள் டாங்கியோடு போகும் வரை.

டவுனில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பூவும் தளிரும் ஒரே இரவில் மொட்டையாகக் காணாமல் போனால் அது பூச்சியில்லை, மான். கோட்டைப் பக்கத்து மான்கள் கேற் திறந்திருந்தால் விருந்தாளி மாதிரி உள்ளே வரும். அதற்கும் ஒருவர் என்னிடம் மருந்து கேட்டார். கேற்றைப் பூட்டச் சொன்னேன்.

சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவைக்கு எடுங்கள், தமிழில் பேசலாம். அல்லது உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். வட்ஸ்அப்பில் தூரத்தில் நின்று பந்தலைப் படம் எடுத்து "என்ன நோய்" என்று அனுப்பாதீர்கள், எனக்குத் தெரிவது உங்கள் வீட்டுச் சுவர் மட்டும்தான். வரும்போது கொட்டின பூவில் ஒரு பிடி பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்புவோம். பின்னால் குட்டிக் காய் இருப்பது நிறைய இருந்தால் உட்கார்ந்து பேசுவோம். எல்லாம் வெறும் காம்பு என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.