அந்தச் சின்னச் சிவப்பு வில்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வேலை முடித்துவிட்டு ராத்திரி சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், என் கண் முதலில் பின் மட்கார்டுக்குத்தான் போகும். சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா? இருந்தால், உடையாமல், புழுதி அப்பாமல், தரையைப் பார்க்காமல் நேராகப் பின்னோக்கி நிற்கிறதா? ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டவும் இது மட்டும் போதுமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

அது வெறும் பிளாஸ்டிக் இல்லை. உற்றுப் பாருங்கள், உள்ளே தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு சுவரும் தரையும் சேருகிற வீட்டு மூலை போல, மூன்று பக்கமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. கேரம் போர்டில் மூலையை ஒட்டி ஸ்ட்ரைக்கரை அடித்தால் இரண்டு சட்டத்திலும் பட்டு வந்த திசைக்கே திரும்பும் இல்லையா, இங்கே ஒளி மூன்று பக்கத்திலும் பட்டு அப்படித் திரும்புகிறது, கொஞ்சம் சாய்வாக வந்தாலும்கூட. வெள்ளைச் சட்டை ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும், முகம் பார்க்கும் கண்ணாடி வேறு எங்கேயோ திருப்பிவிடும். ரிஃப்ளெக்டர்தான் லாரியின் வெளிச்சத்தை லாரிக்கே அனுப்புகிறது, ஓட்டுநரின் கண்ணும் ஹெட்லைட்டை ஒட்டியே இருப்பதால் அவருக்கு அது பளிச்சென்று தெரிகிறது. இருபது முப்பதடி தள்ளி நின்று செல்போன் டார்ச்சைக் கண்ணை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள், வித்தியாசம் புரியும். 1969இல் அப்போலோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்த பலகையிலும் இதே மாதிரி மூலைகள்தான், மொத்தம் 100. பூமியிலிருந்து லேசரை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து நிலாவின் தூரத்தை அளந்தார்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் வந்துவிடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆனால் 25 மீட்டர் போயாச்சு, வண்டி நிற்பதற்கான தூரம் அதற்கு மேல். அதனால் புரிவதும் சீக்கிரம் நடக்க வேண்டும். பெடலிலோ, கொலுசு போடுகிற இடத்திலோ ஒரு ரிஃப்ளெக்டர் பட்டை இருந்தால் அது மேலும் கீழும் ஆடும், ஆள் மிதித்துக்கொண்டு போகிறார் என்று பின்னால் வருகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். பளீர் பச்சை ஜாக்கெட்டை மட்டும் ராத்திரிக்கு நம்பாதீர்கள், அது வெயிலில் இருக்கிற புற ஊதா ஒளியை வாங்கித்தான் அப்படி ஒளிர்கிறது, ஹெட்லைட்டில் அது மிகக் குறைவு.

சரி, ஏற்காடு மலைப்பாதைக்கு வருவோம். ரிஃப்ளெக்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அதன்மேல் ஒளி பட்டால்தான் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்னால் வரும் பஸ்ஸின் வெளிச்சம் நேராகத் தடுப்புச் சுவரில் போய் விழும், நீங்களோ வளைவுக்கு அந்தப் பக்கம் இருட்டில் இருப்பீர்கள். பஸ் முழுசாகத் திரும்பிய பிறகுதான் ரிஃப்ளெக்டர் விழித்துக்கொள்ளும், அதற்குள் இடைவெளி கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அங்கே தானாக எரிகிற சிவப்பு பேட்டரி விளக்கு கட்டாயம் வேண்டும், மேகம் இறங்குகிற நாளில் பகலிலும் எரியட்டும். கேரியரில் மூட்டை வைப்பவர்கள் அந்த விளக்கை மூட்டை மறைக்காத இடமாகப் பார்த்து, கீழே மாட்டுங்கள்.