சூடாகிறது என்பதற்காகப் பழைய வாஃபிள் மேக்கரை நம்பிவிடாதீர்கள்

நியூஜெர்சியில் பழைய மின்சாதனங்களைப் பழுதுபார்த்துத் தருவது என் தொழில். குளிர் விட்டதும் இங்கே தெருவுக்குத் தெரு கராஜ் சேல், எஸ்டேட் சேல் தொடங்கிவிடும். அடுத்த சில வாரங்களுக்கு என் மேசைக்கு வருபவற்றில் 1930-களிலிருந்து 1950-கள் வரை செய்யப்பட்ட வாஃபிள் மேக்கர்கள் நிறைய இருக்கும். வட்ட வடிவம், பளபளக்கும் குரோம் மூடி, பேக்லைட் கைப்பிடி. பார்த்ததும் வாங்கத் தோன்றும் பொருள்தான். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: "பிளக் போட்டுப் பார்த்துட்டேன், நல்லா சூடாகுது. சும்மா ஒருதடவை பார்த்துக் குடுங்க." சூடாகவே இல்லை என்றால் யாரும் அதில் சமைக்கப் போவதில்லை, அதனால் ஆபத்தும் இல்லை. சூடாகிற மெஷின்தான் எனக்குப் பயம் தருகிறது.

இந்தப் பழைய மெஷின்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் 1938-ல் டெஃப்லானைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தப் பூச்சு போட்ட பாத்திரங்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1960-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய வாஃபிள் மேக்கரில் இருப்பது பூச்சு எதுவும் இல்லாத வார்ப்பு அலுமினியத் தட்டு. கனமானது, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உரிந்து போக எதுவும் இல்லை. குழிகள் ஆழம் குறைந்தவை என்பதால் வாஃபிள் மெல்லியதாக, மொறுமொறுவென்று வரும். இன்று கடைகளில் கிடைக்கும் தடித்த, ஆழக்குழி 'பெல்ஜியன் வாஃபிள்' அமெரிக்காவில் பரவலாகப் பேர் வாங்கியது 1964-65 நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு. அதற்கு முன் இங்கே வீடுகளில் சுட்டதெல்லாம் இந்த மெல்லிய வகைதான்.

இன்னும் பழையவை அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப் போடும் இரும்பு வாஃபிள் வார்ப்புகள். கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் இருந்து 1869-ல் காப்புரிமை வாங்கியது இந்த வகைக்குத்தான். பென்சில்வேனியாவின் எரீ நகரில் கிரிஸ்வோல்ட் நிறுவனமும், ஒஹையோவின் சிட்னி நகரில் வாக்னர் நிறுவனமும் வார்த்தவை இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் மின்சாரமே இல்லை. துருவைத் தேய்த்து, எண்ணெய் காட்டிப் பயன்படுத்துங்கள். என்னிடம் கொண்டுவரத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது மின்சார மெஷின்களைப் பற்றி, அதிலும் முக்கியமாகக் கீலைப் பற்றி.

வாஃபிள் மேக்கருக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. இரண்டுக்கும் தனித்தனி எலிமென்ட். மின்சாரம் கீழ்ப்பாதியில் நுழைந்து, அங்கிருந்து இரண்டு ஒயர் வழியாக மேல்பாதிக்குப் போகிறது. கீலுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சுருள் கம்பி ஒன்று தெரிகிறதே, அந்த ஒயர்கள் பெரும்பாலும் அதற்குள்தான் ஓடுகின்றன. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவை வளைகின்றன, மூடும்போதெல்லாம் நிமிர்கின்றன. அதோடு தட்டுகளின் சூடும் சேர்ந்துகொள்கிறது. வாஃபிள் சுடும்போது தட்டு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் இருக்கும். எழுபது, எண்பது வருடம் இப்படிப் போனால் ஒயரின் மேலுறை அப்பளமாக நொறுங்கிவிடும். உள்ளே செம்புக் கம்பி வெறுமையாக நிற்கும். அதைச் சுற்றி இருப்பதோ உலோகச் சுருள், உலோக மூடி, உலோக அடிப்பாகம்.

இத்தனை இருந்தும் மெஷின் வழக்கம்போல் சூடாகும். ஏனென்றால் பழுதாகியிருப்பது எலிமென்ட் இல்லை. எலிமென்டில் இருக்கும் நைக்ரோம் கம்பி அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் காப்புரிமை வாங்கிய உலோகக் கலவை அது. இன்றைய டோஸ்டரிலும் அதுதான் இருக்கிறது. எலிமென்ட் நன்றாக இருக்கிறது, இன்சுலேஷன் செத்துவிட்டது. வெறும் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஒரு தங்கை கொண்டுவந்த மெஷின் இதற்கு நல்ல உதாரணம். "அண்ணா, நேத்து சுட்டேன், ஒண்ணும் ஆகல. இன்னைக்கு மூடியைத் தொட்டா சுருக்குன்னு இருக்கு. என் கை ஈரமா இருந்ததாலயா?" என்று கேட்டார். கை ஈரமாக இருந்தால் ஷாக் இன்னும் பலமாக அடிக்கும், ஆனால் காரணம் அதுவல்ல. பழைய பிளக்கில் இரண்டு தகடுகளும் ஒரே அகலத்தில் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சாக்கெட்டில் ஏறிவிடும். உறை போன இடம் நியூட்ரல் பக்கம் அமைந்தால் மெஷினின் உடம்பில் வோல்டேஜ் கிட்டத்தட்ட இருக்காது. அடுத்த நாள் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் அதே இடம் ஃபேஸ் பக்கம் வந்துவிடும். மூடி முழுக்க 120 வோல்ட். நேற்று நல்லபடியாகச் சுட்டதற்கும் இன்று ஷாக் அடித்ததற்கும் இடையில் மாறியது பிளக்கின் திசை மட்டும்தான். சுருளைப் பிரித்துக் காட்டினேன். தொட்ட உடனே உறை பொடியாகக் கொட்டியது.

அப்புறம், எர்த் ஒயர் கிடையாது. நவீன மெஷினின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறினால் எர்த் வழியாகப் பாய்ந்து பிரேக்கரை விழ வைக்கும். இரண்டு பின் மெஷினில் அந்த வழி இல்லாததால் மின்சாரம் உடம்பிலேயே காத்துக்கொண்டிருக்கும். ஒரு கை மூடியிலும் இன்னொரு கை தண்ணீர்க் குழாயிலும் படுகிற நேரத்தில் அதற்கு வழி கிடைத்துவிடும்.

"எங்க கிச்சன்ல ஜி.எஃப்.சி.ஐ. இருக்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவசியம் இருக்க வேண்டியதுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1961-ல் உருவாக்கிய கருவி அது. 1987 முதல் அமெரிக்க மின்விதிகள் சமையலறைத் தொட்டிக்கு அருகிலுள்ள சாக்கெட்டுகளுக்கு அதைக் கட்டாயமாக்கின. போகிற மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சுமார் 5 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே துண்டித்துவிடும். எர்த் இல்லாத மெஷினிலும் வேலை செய்யும். ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. காய்ந்த கல்மேடை மேல் உட்கார்ந்திருக்கும் மெஷினின் உடம்பில் 120 வோல்ட் இருந்தாலும், அது எங்கும் பாயாதவரை ஜி.எஃப்.சி.ஐ. விழாது. நீங்கள் தொட்ட பிறகுதான் விழும். உங்கள் உயிரைக் காக்கும் கருவியே தவிர, மெஷின் நன்றாக இருக்கிறது என்று சான்று தரும் கருவி அல்ல.

வாங்கியதும் சாக்கெட்டில் சொருகாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். ஒரு முனையை மெஷினின் பின்னில் வைத்து, இன்னொன்றை மூடியின் உலோகத்தில் பெயின்ட்டோ அழுக்கோ இல்லாத இடத்தில் வைத்து, மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். அடுத்த பின்னுக்கும், அடிப்பாகத்துக்கும் அப்படியே செய்யுங்கள். மீட்டர் எந்த நிலையிலாவது ஒரு எண்ணைக் காட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். மூடியை அசைக்காமல் பார்ப்பவர்கள் தப்புவிடுவது இந்த இடத்தில்தான். பழுது வளைகிற இடத்தில்தானே இருக்கிறது. எதுவும் காட்டவில்லை என்றால் முதல் படி தாண்டியாயிற்று, அவ்வளவுதான். மல்டிமீட்டர் சின்ன பேட்டரி வோல்டேஜில் பார்க்கிறது. நாங்கள் 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிப்போம். மல்டிமீட்டரில் தப்பிய மெஷின்கள் அதில் சிக்குவது சாதாரணம்.

கீல் ஒயரை மாற்றுவது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல, ஆனால் சரியான பொருளில் செய்ய வேண்டும். உயர்சூடு தாங்கும் கண்ணாடியிழை உறை போட்ட ஒயர்தான் போட வேண்டும். சாதாரண பி.வி.சி. ஒயர் 100 டிகிரியை ஒட்டியே தளர்ந்துவிடும். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் கூடாது. சாதாரண சால்டர் 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். வாஃபிள் தட்டு அதைவிடச் சூடானது. சூடு தாங்கும் கிரிம்ப் என்ற உலோக இணைப்பைப் போட்டு நெருக்க வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுக்கிறவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

துணி சுற்றிய பழைய கார்டை, அதாவது சாக்கெட்டுக்குப் போகும் ஒயரை, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அதற்கு எச்.பி.என். என்ற சூடு தாங்கும் கார்டு கிடைக்கிறது. மேசைவிளக்கு ஒயரைப் போடுவது நல்லதல்ல. பழைய கார்டைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். அந்தக் கால ஹீட்டர் கார்டுகளில் துணிக்கு உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் நார் சுற்றியிருப்பது வழக்கம். சில மெஷின்களில் எலிமென்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே சாம்பல் வெள்ளையில் அட்டை போன்ற ஒன்றும் இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1979-ல் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த ஹேர் டிரையர்களைத் திரும்பப் பெற்றார்கள், ஏனென்றால் அவை நாரை முகத்தில் ஊதும். வாஃபிள் மேக்கர் ஊதாது. நாம் சுரண்டினாலோ, பிரஷ்ஷால் தேய்த்தாலோ, வாயால் ஊதினாலோ, சாதாரண வேக்குவம் போட்டாலோதான் பறக்கும். பறந்து நுரையீரலுக்குள் போன நார் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அட்டை நொறுங்கியிருந்தால் அந்த மெஷினை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம் என்பேன்.

இங்கிருந்து ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மெஷின் பலவற்றின் அடியில் 660 வாட் என்று எழுதியிருக்கும். மின்சாதனங்களை விளக்கு ஹோல்டரில் மாட்டிப் பயன்படுத்திய காலத்து அளவு அது. 120 வோல்டில் 660 வாட் என்றால் எலிமென்டின் தடை சுமார் 22 ஓம். அதையே 230 வோல்டில் மாட்டினால் 2,400 வாட் இழுக்கும், அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். பிளக் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. குறைந்தது 1,000 வாட் தொடர்ந்து தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் கனமும் விலையும் தெரிந்தபின் எடுத்துப் போவதா என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் ஜி.எஃப்.சி.ஐ. மாதிரியே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தாலும் கீல் ஒயரை மாற்றாமல் எடுத்துப் போக வேண்டாம்.

சரி, ஒயர் மாற்றியாயிற்று, கார்டும் புதிது. இனிமேல் சமையல்.

தட்டில் கறுத்து ஏறிய பழைய எண்ணெயை எடுக்க ஓவன் கிளீனர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரித்துவிடும். எண்ணெய் தடவி ஊறவிட்டு, மரக்குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் மெதுவாக எடுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும், நடக்கட்டும். மெஷினைத் தண்ணீரில் முக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து ஒருமுறை சூடாக்கி ஆறவிடுங்கள், தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரி. டப்பாவில் வரும் ஸ்பிரே எண்ணெயில் லெசித்தின் சேர்த்திருப்பார்கள். அது பிசின் மாதிரி படிந்து அடுத்த வாஃபிளை ஒட்ட வைக்கும்.

பூச்சு இல்லாத தட்டில் வாஃபிள் ஒட்டாமல் வருவது மாவிலுள்ள கொழுப்பால். ஒன்றே முக்கால் கப் மைதா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரை தேக்கரண்டி உப்பு, ஒரே ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. ஒன்றரை கப் பால், இரண்டு முட்டை, அரை கப் உருக்கிய வெண்ணெய். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்தால் இன்னும் மொறுமொறுப்பு. சர்க்கரையைக் கூட்டினால் ஒட்டும்; இனிப்புக்குத் தேனோ மேப்பிள் சிரப்போ மேலே ஊற்றிக்கொள்ளலாம். மாவு ஓரளவு நீர்க்க இருக்கட்டும், ஆழம் குறைந்த குழிக்கு அதுதான் சரி.

பல மெஷின்களில் மூடிமேல் ஒரு முள் இருக்கும். அது சூட்டைக் காட்டும், ஆனால் பெரும்பாலும் நிறுத்தாது. தெர்மோஸ்டாட் இல்லாத மெஷினைச் சொருகிவிட்டு வேறு அறைக்குப் போகக் கூடாது. சூடு ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீர்த் துளி தெளித்தால் தட்டில் துள்ளி ஓட வேண்டும், அப்போது மாவு ஊற்றலாம். முதல் வாஃபிளைச் சாப்பிட வேண்டாம். தட்டில் மிச்சமிருக்கும் பழைய அழுக்கை அதுதான் எடுத்துக்கொண்டு வரும். அடுத்தது முதல் ஓரங்களில் ஆவி வருவதைக் கவனியுங்கள். ஆவி நன்றாக அடங்கும் வரை மூடியைத் தூக்காதீர்கள், அவசரப்பட்டால் வாஃபிள் இரண்டாகப் பிய்ந்துவிடும்.

முடிந்ததும் முதலில் சுவர் சாக்கெட்டிலிருந்து பிளக்கை எடுங்கள், அதன் பிறகு மெஷின் பக்கத்துக் கார்டைக் கழற்றுங்கள். சுவிட்ச் இல்லாத மெஷினில் நேராக மெஷின் பக்கம் இழுத்தால் பின்னில் தீப்பொறி பறந்து, பின் குழிந்து, அடுத்த முறை தளர்வாக உட்கார்ந்து அந்த இடமே சூடாகும். ஏற்கெனவே கறுத்திருந்தால் சொரசொரப்புத் தாளால் பின்னைத் துடைத்துவிட்டு, இறுக்கமாகப் பிடிக்கும் கார்டாகப் பார்த்து மாட்டுங்கள்.